சீட்டு எழுதும் கையும் மருந்து கலக்கும் கையும்

தமிழ்நாட்டின் பழைய கடைத்தெருக்களில் மருந்துக் கடைகளின் பெயர்ப்பலகையைக் கவனித்தவர்கள் ‘கெமிஸ்ட்ஸ் அண்ட் ட்ரக்கிஸ்ட்ஸ்’ என்ற தொடரைக் கண்டிருப்பார்கள். ஒரே தொழிலுக்கு ஏன் இரண்டு பெயர்கள் என்று நாம் கேட்பதில்லை; கடைக்காரரும் சொல்வதில்லை. லண்டன் மாநகரில் மருத்துவருக்கும் மருந்து செய்பவருக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக ஒரு பூசல் நடந்தது. அந்தப் பூசலின் நடுவே, இரு தரப்பாரும் எதிர்பாராத மூன்றாம் தரப்பு ஒன்று உள்ளே நுழைந்தது. அந்த மூன்றாம் தரப்பின் பெயர்தான் கடல் கடந்து நம் ஊர்ப் பலகைகளில் வந்து அமர்ந்திருக்கிறது.

நோயைக் கண்டறிந்து இன்ன மருந்து என்று முடிவு செய்பவர் மருத்துவர். அந்த முடிவைச் சரிபார்த்து, மருந்தை அளந்து, உண்ணும் முறையைச் சொல்லிக் கொடுப்பவர் மருந்தாளுநர். இந்தப் பிரிவினை இன்று நமக்கு மிக இயல்பாகப் படுகிறது. மருத்துவ வரலாற்றிலோ இது பல முறை வகுக்கப்பட்டு, பல முறை அழிந்து, மீண்டும் வகுக்கப்பட்ட கோடு. அறிவு மட்டும் வகுத்த கோடும் அன்று. பணம், அதிகாரம், மொழி, நோயாளியின் அருகே யார் இருந்தார்கள் என்ற கேள்வி ஆகிய நான்கும் சேர்ந்து அதை இழுத்தன. அந்த வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நான்காமவர் யார்?

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர். சரக சம்ஹிதையும் இதே நான்கையே மருத்துவத்தின் நான்கு கால்கள் என்கிறது. நான்காமவரைப் பரிமேலழகர் மருந்தைப் பிழையின்றி இயற்றுபவர் என்ற பொருளில் கொள்கிறார். பிற்கால உரையாசிரியர் பலர் அவரை நோயாளிக்குத் துணை நிற்பவராகக் காண்கின்றனர். இயற்றுதல் என்பது மருந்தைச் செய்தலா, அதை முறைப்படி ஊட்டுதலா என்ற ஐயம் உரை மரபிலேயே தங்கிவிட்டது.

இந்த ஐயத்திற்கு ஒரு காரணம் உண்டு. நம் சித்த மரபில் மருந்து செய்வது மருத்துவரின் கடமை. நாட்டு மருந்துக் கடையில் சரக்கு வாங்கலாம். ஆனால் அதைச் சுத்தி செய்வதும், அரைப்பதும், புடமிடுவதும் வைத்தியரின் வீட்டிலேயே, பெரும்பாலும் அவருடைய மாணவர் கையால் நடந்தன. கைப்பாகம் என்ற சொல்லே மருந்து செய்பவரின் கைத்திறத்தைக் குறிப்பது. கடைக்காரர் சரக்கை விற்பவர்; மருந்தை விற்பவர் அல்லர். ஆகவே மருத்துவரின் முடிவை வெளியிலிருந்து சரிபார்க்கும் ஒருவருக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை. வைத்தியரின் நாணயமே நோயாளிக்கு இருந்த ஒரே காப்பு.

பாக்தாத் முதல் சிசிலி வரை

மருந்தை மட்டும் தொழிலாகக் கொண்டவர்கள் தெளிவாகக் கண்ணில் படுவது கி.பி. 9ஆம் நூற்றாண்டின் பாக்தாதில். சீனம், இந்தியா, கிரேக்கம் என்று பல திசைகளிலிருந்தும் சரக்குகள் அங்கே வந்து குவிந்தன. அவற்றின் பெயரையும் தரத்தையும் கலப்படத்தையும் அறிந்து வைத்திருப்பதே ஒரு முழுநேர வேலையாயிற்று. சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தசிப் மருந்துக் கடைகளையும் சோதித்தார். 11ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி தம் முதுமையில் மருந்தியலுக்கென்றே ஒரு பெருநூல் எழுதினார். ஒரே சரக்குக்குப் பல மொழிகளில் வழங்கும் பெயர்களை அதில் தொகுத்துத் தந்தார். பெயர் பிழைத்தால் மருந்து பிழைக்கும் என்பதை அறிந்த நூல் அது.

ஐரோப்பாவில் இந்தப் பிரிவினையைச் சட்டமாக்கியவர் சிசிலியை ஆண்ட இரண்டாம் ஃபிரெடரிக். 1231இல் அவர் வெளியிட்ட மெல்ஃபி சட்டத் தொகுப்பும், அடுத்த பத்தாண்டுகளுக்குள் அதனுடன் சேர்ந்த விதிகளும் மருத்துவருக்கு நீண்ட படிப்பையும் தேர்வையும் விதித்தன. மருத்துவர் மருந்து செய்பவருடன் கூட்டு வணிகம் செய்யக்கூடாது. சொந்தமாக மருந்துக் கடை வைக்கக்கூடாது. மருந்து செய்பவர், விதிக்கப்பட்ட முறைப்படியே செய்வேன் என்று உறுதிமொழி ஏற்க வேண்டும். விலையையும் அரசே வரையறுக்கும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, சட்டம் அஞ்சியது அறியாமையைக் காட்டிலும் கூட்டுச் சேர்க்கையைத்தான் என்பது. எழுதுபவருக்கும் விற்பவருக்கும் ஒரே பணப்பை இருந்தால் நோயாளிக்குத் தேவைக்கு மேல் மருந்து போகும் என்ற எளிய உலகியல் அறிவு அதில் இருக்கிறது. அது வீண் அச்சமன்று என்பதற்கு இலக்கியச் சான்றும் உண்டு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளின் முகப்பில் ஒரு மருத்துவர் வருகிறார். அவருக்கு மருந்து அனுப்ப ஆட்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். ஒருவரால் மற்றவர் பொருள் ஈட்டுகிறார். அந்த நட்பு நேற்று இன்று தோன்றியதன்று என்று சாசர் சிரிக்காமல் சொல்லிச் செல்கிறார்.

மளிகைக் கடையிலிருந்து பிரிந்தவர்கள்

லண்டனில் மருந்து செய்பவர்களுக்கு அப்போதிக்கரி என்று பெயர். இந்தச் சொல் தமிழர்க்கும் பழக்கமானதே. இலங்கையில் அரசு மருந்தகங்களில் பணிபுரிந்தவர்களை மக்கள் நெடுங்காலம் அப்போதிக்கரி என்றே அழைத்தனர். லண்டன் அப்போதிக்கரிகள் தொடக்கத்தில் மளிகை வணிகர் சங்கத்தின் உறுப்பினர்களாக இருந்தனர். மிளகும் இஞ்சியும் விற்பவரும், அவற்றிலிருந்து மருந்து செய்பவரும் ஒரே குழாம். 1617இல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் அளித்த பட்டயத்தால் அவர்கள் பிரிந்து தனிச் சங்கம் கண்டனர்.

ஆனால் அவர்களுக்கு மேலே இன்னொரு கூரை இருந்தது. 1518இல் எட்டாம் ஹென்றியின் பட்டயத்தால் மருத்துவர் கல்லூரி நிறுவப்பட்டிருந்தது. லண்டன் நகரிலும் அதைச் சுற்றி ஏழு மைல் எல்லைக்குள்ளும் மருத்துவம் பார்க்க அதன் உரிமம் வேண்டும். உரிமமின்றிப் பார்த்தால் மாதத்திற்கு ஐந்து பவுண்டு தண்டம். கல்லூரியின் மருத்துவர்கள் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள்; எண்ணிக்கையில் மிகச் சிலர். அப்போதிக்கரிகளோ குரு வீட்டில் பல ஆண்டுகள் தொழில் பழகி வந்தவர்கள், எண்ணிக்கையில் பலர். மருத்துவர் எழுதுவார், அப்போதிக்கரி செய்வார் என்பது விதி. 1618இல் கல்லூரி வெளியிட்ட லண்டன் மருந்துச் செய்முறை நூலின்படியே அவர்கள் மருந்து செய்ய வேண்டும் என்று அரச ஆணையும் பிறந்தது.

அந்த நூல் லத்தீனில் இருந்தது. 1649இல் நிக்கலஸ் கல்பெப்பர் என்பவர் கல்லூரியின் இசைவைக் கேளாமல் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். அவர் அப்போதிக்கரியிடம் தொழில் பழகியவர். லண்டனின் ஏழைப் பகுதியொன்றில் மருத்துவம் பார்த்தவர். கல்லூரி கொதித்தது. ஒரு தொழிலின் மறைபொருளைக் காக்க மொழியைவிட உறுதியான பூட்டு இல்லை என்பதை நாம் வேறு பல துறைகளிலும் கண்டிருக்கிறோம். பூட்டு ஒரு முறை உடைந்தபின், எந்த மருந்து எதற்கு என்பதைத் தாய்மொழியில் எவரும் படிக்க முடிந்தது.

கொள்ளைநோய் ஆண்டு

1665இல் லண்டனைக் கொள்ளைநோய் தாக்கியது. வசதியுள்ளோர் நகரை விட்டு வெளியேறினர். அவர்களை நோயாளிகளாகக் கொண்டிருந்த மருத்துவர்கள் பலரும் உடன் சென்றனர். பின்னாளில் ஆங்கில மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்பட்ட தாமஸ் சிடன்ஹாமும் அப்போது நகரை விட்டுச் சென்றவர்களுள் ஒருவர். எல்லா மருத்துவரும் சென்றார்கள் என்று சொல்வது அநியாயம். நத்தானியேல் ஹாட்ஜஸ் போன்ற சிலர் தங்கி நின்று உழைத்தனர். ஆயினும் நகரின் ஏழைகளுக்குக் கண்ணெதிரே நின்றவர்கள் பெரும்பாலும் அப்போதிக்கரிகளே.

அவர்களுள் ஒருவரான வில்லியம் பாகர்ஸ்ட் தாம் கண்ட நோய்க்குறிகளையும் சிகிச்சையையும் ஒரு நூலாக எழுதி வைத்தார். அது 1894 வரை அச்சேறவில்லை. ஒரு தொழிலை ஏற்றவர் அதன் இன்பத்தோடு துன்பத்தையும், வருவாயோடு இடரையும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்ற கருத்து அந்நூலில் உண்டு. உரிமை யாருக்கு என்ற வாதத்தில் இது பெரிய திருப்பம். பட்டயம் மருத்துவரிடம் இருந்தது. நோயாளியின் வாசலில் அப்போதிக்கரி நின்றார். கொள்ளைநோய் ஓய்ந்தபின் வாசலில் நின்றவரை வெளியே போகச் சொல்வது எளிதாயில்லை.

கல்லூரி வேறு வழியில் திருப்பித் தாக்கியது. 1698இல் தன் கட்டடத்திலேயே ஏழைகளுக்கு அடக்க விலையில் மருந்து தரும் மருந்தகம் ஒன்றைத் திறந்தது. எழுதுபவர் விற்கக்கூடாது என்ற பழைய முறையை, இப்போது மருத்துவர்களே அறத்தின் பெயரால் மீறினார்கள். அப்போதிக்கரிகள் இதைத் தம் வயிற்றில் அடிப்பதாகக் கண்டனர். கல்லூரியிலேயே சிலர் இதை எதிர்த்தனர். மருத்துவரும் கவிஞருமான சாமுவேல் கார்த் 1699இல் இந்தச் சண்டையை வீரகாவியப் பாணியில் அங்கதமாகப் பாடினார். ‘மருந்தகம்’ என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட அந்தக் காவியம் மிகுந்த வரவேற்பைப் பெற்றது.

கசாப்புக்காரர் தந்த புகார்

இந்நிலையில் ஜான் சீல் என்ற கசாப்புக்காரர் நோயுற்றார். வில்லியம் ரோஸ் என்ற அப்போதிக்கரியிடம் மருந்து வாங்கி உண்டார். நோய் தீரவில்லை, கணக்கோ ஏறத்தாழ ஐம்பது பவுண்டுக்கு வந்து நின்றது. அக்காலத்தில் அது உழைப்பாளி ஒருவரின் ஆண்டு வருவாயையும் விஞ்சும் தொகை. சீல் கல்லூரியிடம் முறையிட்டார். கல்லூரியின் மருந்தகத்தில் இரண்டு பவுண்டுக்கும் குறைந்த செலவில் அவருக்கு நோய் தீர்ந்தது என்று கல்லூரித் தரப்பு பின்னர் கூறியது. 1701இல் ரோஸ் மீது வழக்குத் தொடரப்பட்டது.

வழக்கின் நுட்பம் இதுதான். ரோஸ் ஆலோசனைக்கென்று ஒரு காசும் வாங்கவில்லை. மருந்தின் விலையைத்தான் வாங்கினார். எந்த மருத்துவரும் சீட்டு எழுதித் தரவில்லை. அப்படியானால் அவர் செய்தது வணிகமா, மருத்துவமா? நோயாளியைப் பார்த்துத் தன் அறிவால் இன்ன மருந்து என்று தேர்ந்து கொடுத்தாலே அது மருத்துவம் பார்த்தல்தான் என்றது கல்லூரி. சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்த நீதிமன்றமும் அதையே ஏற்றது.

அப்போதிக்கரிகள் சங்கத்தின் துணையோடு ரோஸ் பிரபுக்கள் சபைக்கு முறையிட்டார். அங்கே வாதம் சட்டத்தின் சொற்களை விட்டு வாழ்க்கைக்கு நகர்ந்தது. இந்தத் தீர்ப்பு நின்றால் சிறு நோய்க்கும் மருத்துவரை அழைத்தாக வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் ஏழைக்கும் வேலைக்காரருக்கும் கட்டுப்படியாகாது. நள்ளிரவில் திடீரென நோய் கண்டவர் எங்கே போவார்? 1704 மார்ச் மாதம் பிரபுக்கள் சபை கீழ்த்தீர்ப்பை மாற்றியது. அப்போதிக்கரி நோயாளிக்கு ஆலோசனை சொல்லி மருந்து தரலாம். ஆனால் மருந்துக்கு மட்டுமே பணம் வாங்கலாம் என்பது அதன் விளைவாக நின்ற வழக்கம்.

வெற்றியின் விலை

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஏழைகளுக்குக் கிடைத்த வெற்றி. ஓரளவு உண்மையும் கூட. ஆனால் அந்தத் தீர்ப்பின் உள்ளேயே ஒரு நஞ்சு இருந்தது. அறிவுக்குக் கூலி இல்லை, புட்டிக்குத்தான் கூலி என்று ஆனபோது, வாழ வேண்டிய அப்போதிக்கரி என்ன செய்வார்? புட்டிகளைப் பெருக்குவார். ஒரு வேளை மருந்து போதுமான இடத்தில் நான்கு வேளை மருந்து போயிற்று. சீலின் ஐம்பது பவுண்டுக் கணக்கு எந்த முறையால் விளைந்ததோ அந்த முறையையே தீர்ப்பு நிலைநிறுத்தியது.

ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ நூலில் இதைப் பற்றி ஓர் அரிய அவதானிப்பு உண்டு. அப்போதிக்கரியின் கொள்ளை லாபம் ஊரறிந்த பழமொழி. ஆனால் அவர் ஏழைகளுக்கு எந்நேரமும் மருத்துவர், செல்வருக்குப் பெரிய ஆபத்து இல்லாத வேளையில் மருத்துவர் என்கிறார் ஸ்மித். பெரிய சந்தையூரில் நன்றாக ஓடும் கடையில்கூட ஓராண்டு மருந்துச் சரக்கின் அடக்கம் முப்பது நாற்பது பவுண்டுதான் இருக்கும். அதைப் பல மடங்கு விலைக்கு விற்றாலும், அந்த மிகுதி உண்மையில் அவருடைய உழைப்புக்கும் திறனுக்குமான கூலியே, மருந்து விலை என்ற முகமூடியில் வருகிறது என்பது அவர் வாதம். கூலியை நேராகக் கொடுக்க மறுத்தால் அது வேறொரு பெயரில் வந்தே தீரும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

1815இல் அப்போதிக்கரிகள் சட்டம் வந்தது. ஐந்தாண்டுத் தொழிற்பயிற்சியும் தேர்வும் கட்டாயமாயின. மருத்துவரின் சீட்டுக்கு மருந்து செய்து தர மறுத்தால் தண்டம் என்ற விதியும் அதில் இருந்தது; பழைய படிநிலையை மருத்துவர்கள் அவ்வளவு எளிதில் கைவிடவில்லை. இந்தச் சட்டத்தின்கீழ் 1816 ஜூலையில் தேர்ச்சி பெற்றவர்களுள் ஒருவர் கவிஞர் ஜான் கீட்ஸ். அவர் தொழிலை விட்டுக் கவிதைக்குப் போனார். 1818இல் ஒரு விமர்சகர் அவருடைய கவிதையைத் தாக்கியபோது, மாத்திரைகளும் களிம்புகளும் உள்ள கடைக்கே திரும்பிப் போகும்படி ஏளனம் செய்தார். அப்போதிக்கரி என்ற சொல்லில் அன்று ஒட்டியிருந்த சமூக இழிவை இலக்கிய மாணவர்கள் இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே உணரலாம்.

1830ஐ ஒட்டி வந்த தீர்ப்புகள் அப்போதிக்கரி தம் கவனிப்புக்கும் தனியே கட்டணம் பெறலாம் என்றன. அத்துடன் அவர் முழு மருத்துவராகிவிட்டார். இன்றைய இங்கிலாந்தின் குடும்ப மருத்துவருக்கு நேர் மூதாதை, பட்டயம் பெற்ற கல்லூரி மருத்துவரைக் காட்டிலும் இந்த அப்போதிக்கரிதான்.

காலியான நாற்காலி

மருந்து செய்பவர் மருத்துவராகிவிட்டால் மருந்து செய்வது யார்? இங்கேதான் நம் பெயர்ப்பலகை விளங்குகிறது. ட்ரக்கிஸ்ட் என்பவர் மருந்துச் சரக்கை மொத்தமாக விற்றவர். கெமிஸ்ட் என்பவர் உப்பு, பாதரசம் முதலியவற்றிலிருந்து இரசாயன மருந்துகள் செய்தவர். அப்போதிக்கரிகள் நோயாளிகளின் வீடுகளுக்கு நடந்துகொண்டிருந்த 18ஆம் நூற்றாண்டில், இவர்கள் சில்லறைக் கடை திறந்து சீட்டுக்கு மருந்து கலக்கத் தொடங்கினர். விலையும் குறைவு. 1794இல் அப்போதிக்கரிகள் இவர்களுக்கு எதிராக ஒரு சங்கமே கூட்டினார்கள். பயிற்சியற்றவர்கள், ஆபத்தானவர்கள், எங்கள் தொழிலைப் பறிக்கிறார்கள் என்று ட்ரக்கிஸ்டுகளைப் பற்றிச் சொன்னார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் கல்லூரி அவர்களைப் பற்றிச் சொன்ன அதே புகார், ஏறத்தாழ அதே பொருளில்.

1841இல் இவர்களுடைய ஆலோசனை சொல்லும் உரிமையைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. அதை எதிர்க்கக் கூடியவர்கள் ஜேக்கப் பெல், வில்லியம் ஆலன் முதலியோர் தலைமையில் அவ்வாண்டு ஏப்ரலில் பிரித்தானிய மருந்தாளுநர் சங்கத்தை நிறுவினர். வெறும் எதிர்ப்பில் அவர்கள் நிற்கவில்லை. பள்ளி தொடங்கினர், தேர்வு வைத்தனர், இதழ் நடத்தினர்.

ஆயினும் சட்டம் இறுகுவதற்கு ஒரு பேரிடர் தேவைப்பட்டது. 1858 அக்டோபரில் பிராட்ஃபோர்டு நகரில் இனிப்பு செய்பவர் ஒருவர், சர்க்கரை விலை மிகுதியாதலால் அதனுடன் கலக்கும் ஒரு வெள்ளைத் தூளை வாங்கிவர ஆளனுப்பினார். ட்ரக்கிஸ்ட் நோயுற்றுப் படுத்திருந்தார். மேல்மாடி மூலையில் உள்ள பீப்பாயில் இருக்கிறது என்று உதவியாளரிடம் சொன்னார். உதவியாளர் அடுத்த பீப்பாயிலிருந்து பன்னிரண்டு பவுண்டு எடை வெள்ளைத் தூளை அள்ளிக் கொடுத்தார். அது வெள்ளைப் பாஷாணம். சந்தையில் அந்த இனிப்பை வாங்கி உண்டவர்களில் ஏறத்தாழ இருபது பேர் மாண்டனர். இருநூறு பேருக்கு மேல் நோயுற்றனர். வழக்கு நடந்தது, எவரும் தண்டிக்கப்படவில்லை. அன்றைய சட்டத்தின்படி எவர் செய்ததும் குற்றமாக நிற்கவில்லை.

1868இன் மருந்தகச் சட்டம் நஞ்சுகளை விற்பவர் தேர்ச்சி பெற்றுப் பதிவு செய்தவராக இருக்க வேண்டும், பொருளின் பெயரும் விற்பவரின் முகவரியும் உறையில் இருக்க வேண்டும் என்றது. 1911இன் தேசியக் காப்பீட்டுச் சட்டம் மருத்துவரின் ஊதியத்தை மருந்தின் விலையிலிருந்து பிரித்தது. மருத்துவர் எழுதுவார், கெமிஸ்ட் கொடுப்பார் என்பது அங்கே பொது முறையானது. ஃபிரெடரிக்கின் விதிக்குப் பிறகு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. தென் கொரியா 2000இல்தான் இதே பிரிவினையைச் சட்டமாகக் கொண்டுவந்தது. மருத்துவர்கள் மருத்துவமனைகளை மூடி வேலைநிறுத்தம் செய்தனர்.

சென்னைக்கு வந்த அப்போதிக்கரி

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மருந்து அனுப்பியவர்களுள் லண்டன் அப்போதிக்கரிகள் சங்கமும் ஒன்று. மருந்தோடு அந்தப் பெயரும் வந்தது. ஆனால் இங்கே அது ஒரு கீழ்நிலைப் பதவியின் பெயராயிற்று. சர்ஜன் மேலே, அப்போதிக்கரி கீழே, அவருக்கும் கீழே டிரஸ்ஸரும் கம்பவுண்டரும். 1835இல் சென்னையில் தொடங்கிய மருத்துவப் பள்ளி, பின்னர் மருத்துவக் கல்லூரி, முதலில் இத்தகைய துணைநிலை ஊழியர்களைப் பயிற்றுவதற்காகவே ஏற்பட்டது.

கம்பவுண்டர் என்ற சொல் நமக்கு மூத்த தலைமுறையின் நினைவில் தனி இடம் பெற்றது. வீட்டிலிருந்து கொண்டுபோன புட்டியில் கலவை மருந்தை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் காகிதப் பட்டையை ஒட்டித் தந்தவர் அவர். மருத்துவர் வராத ஊர்களில் அவரே ஊசியும் போட்டார். ஊரார் அவரை டாக்டர் என்றே அழைத்தார்கள். ரோஸின் வழக்கை அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. மருத்துவர் இல்லாத இடம் வெற்றிடமாக இருப்பதில்லை.

கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையிலான மருந்து விசாரணைக் குழு 1930-31இல் நாடெங்கும் ஆராய்ந்து, தகுதி பெற்ற மருந்தாளுநர் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1932இல் மகாதேவ லால் ஷிராஃப் முயற்சியால் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் கல்வி தொடங்கிற்று. 1948இல் மருந்தகச் சட்டம் நிறைவேறியது. அதன் 42ஆம் பிரிவு, மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுப்பவர் பதிவு பெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும் என்றது. உடனேயே ஒரு விலக்கும் தந்தது: மருத்துவர் தம் சொந்த நோயாளிக்குத் தாமே மருந்து தரலாம். பரந்த நாட்டில் இந்த விலக்கு தேவையாகவே இருந்தது. ஆனால் எழுதும் கையும் விற்கும் கையும் ஒன்றாக இருக்கும் வாசலை அது திறந்தே வைத்தது.

இரண்டாவது கண்

இந்தப் பிரிவினையால் நோயாளிக்குக் கிடைத்தது என்ன? இங்கிலாந்தில் 1980களின் இறுதியில் தீர்ந்த ஒரு வழக்கு இதற்கு விடை தரும். மருத்துவர் ஒருவர் கிருமித் தொற்றுக்கு அமாக்சில் எழுதினார். கையெழுத்துத் தெளிவாக இல்லை. மருந்தாளுநர் அதைச் சர்க்கரை நோய்க்கான டயோனில் என்று படித்துக் கொடுத்துவிட்டார். நோயாளியின் மூளை நிலையாகப் பாதிக்கப்பட்டது. பொறுப்பில் நான்கில் ஒரு பங்கு மருத்துவருக்கு, மூன்று பங்கு மருந்தாளுநருக்கு என்று நீதிமன்றம் பகுத்தது.

எழுத்துப் பிழை மருத்துவருடையது. பெரும்பங்கு மருந்தாளுநருக்கு எப்படி? சீட்டில் எழுதியிருந்த அளவு 250 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. டயோனில் மாத்திரையின் அளவோ 5 மில்லிகிராம். மேலும் அங்கே சர்க்கரை நோயாளிகளுக்கு மருந்துக் கட்டணம் கிடையாது. இவர் பணம் கொடுத்திருந்தார். இத்தனை அடையாளங்களைக் கண்டும் நின்று யோசிக்காதது குற்றம் என்பது தீர்ப்பின் சாரம். சீட்டில் உள்ளதை எடுத்துக் கொடுப்பது மட்டும் மருந்தாளுநரின் கடமையன்று, ஐயுறுவதும் கடமை. ஐயம் எழுந்தால் மருத்துவரைக் கேட்பது கடமை. கேட்டால் பதில் சொல்வது மருத்துவரின் கடமை.

இங்கிலாந்தில் 2006 முதல் தனிப்பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் தாமே மருந்து எழுதவும் உரிமை பெற்றனர். 2024 ஜனவரி இறுதியில் தொண்டை வலி, காதுவலி முதலிய ஏழு நோய்நிலைகளுக்கு மருத்துவரிடம் போகாமல் மருந்தாளுநரிடமே சிகிச்சை பெறும் திட்டமும் தொடங்கியது. ரோஸ் கேட்ட உரிமை முந்நூற்று இருபது ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் ஒரு பெரிய வேறுபாட்டோடு. 1704இல் ஆலோசனை இலவசம், புட்டிக்கு விலை. இன்றைய திட்டத்தில் ஆலோசனைக்கே அரசு கட்டணம் தருகிறது. மருந்து கொடுக்காமல் அனுப்பினாலும் மருந்தாளுநருக்கு நட்டமில்லை.

நம் நாட்டில் 2008இல் மருந்தியலில் ஆறாண்டு முனைவர் நிலைப் படிப்பு தொடங்கியது. 2015இன் தொழில்நெறி விதிகள் மருந்தாளுநர் நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்க வேண்டும் என்றும், மருத்துவரின் இசைவின்றி மருந்தை மாற்றக்கூடாது என்றும் கூறின. சட்டத்தின் எழுத்தில் குறை அதிகம் இல்லை. ஆனால் சான்றிதழ் சுவரில் தொங்க, அதற்குரியவர் கடையில் இல்லாத நிலை பற்றிய முறையீடு நெடுங்காலமாகக் கேட்கிறது. அங்கே ஐயுற வேண்டியவரின் இடத்தில் எடுத்துக் கொடுப்பவர் மட்டும் இருக்கிறார். கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது. மாத்திரை அட்டைக்கு விலை கொடுக்கும் நாம், அதைச் சரிபார்க்கும் அறிவுக்குத் தனியே கூலி கொடுக்க என்றுமே எண்ணியதில்லை. கசாப்புக்காரர் சீலின் கணக்குப் புத்தகம் நம்மிடமும் அதே பக்கத்தில்தான் திறந்திருக்கிறது.

அடுத்த முறை மருந்துக் கடைக்காரர் சீட்டை இரண்டு முறை படித்து, மருத்துவரிடம் ஒன்று கேட்க வேண்டும், சற்று இருங்கள் என்று சொன்னால், நாம் கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருக்கலாம். பிராட்ஃபோர்டு கடையில் அன்று நடக்காமல் போனது அந்தச் சிறு தாமதம்தான்.